ஏறிய கார் இறங்க வேண்டும்

சின்ன காரின் எடை ஏறக்குறைய ஒரு டன். பெரிய எஸ்.யூ.வி. என்றால் இரண்டு டன்னைத் தாண்டிவிடும். இந்த எடையைத் தரையிலிருந்து கிளப்புவது இயந்திரங்களுக்குப் பெரிய வேலையே இல்லை. டிக்கியில் கிடக்கும் ஜாக்கியே செய்துவிடும். தூக்கிய காரை அசையாமல் தாங்கி வைத்திருப்பதும், கேட்ட நேரத்தில் பத்திரமாக இறக்கித் தருவதும்தான் கடினம். ஒர்க் ஷாப்பில் மெக்கானிக் காரின் அடியில் நின்று வேலை பார்க்க உதவும் லிஃப்ட் ஆகட்டும், இருபது அடுக்கு உயரத்துக்குக் கார்களை ஏற்றி நிறுத்தும் பார்க்கிங் கோபுரம் ஆகட்டும், பொறியாளர்களின் யோசனையில் பெரும்பகுதி இந்த இரண்டு வேலைகளுக்கே செலவாகியிருக்கிறது.

டிக்கியில் இருக்கும் கத்தரி ஜாக்கியின் உயிர் ஒரு நீளமான திருகு. கைப்பிடியை ஒரு முழுச் சுற்று சுற்றினால் மரை நகர்வது சில மில்லிமீட்டர்தான். சுற்றுகள் அதிகம் ஆவதால் கையின் பலம் குறைவாகவே போதும். காரின் ஒரு மூலை மெல்ல எழுகிறது. சுற்றுவதை நிறுத்தினாலும் ஜாக்கி தானாக இறங்குவதில்லை. மரையின் சரிவு மிகக் குறைவு என்பதால், காரின் எடை அதைத் திருப்பிச் சுழற்றப் பார்த்தாலும் உராய்வு விடாது. தூக்கும் உறுப்பே பூட்டாகவும் இருப்பது திருகின் தனிச்சிறப்பு. மெதுவானது, தேய்வது, அடிக்கடி கிரீஸ் கேட்பது என்று எத்தனை குறை சொன்னாலும் இந்த ஒரு குணத்துக்காகவே திருகு இன்னும் புழக்கத்தில் இருக்கிறது.

லாரி டிரைவர்கள் வண்டியிலேயே வைத்திருக்கும் பாட்டில் ஜாக்கி எண்ணெயால் இயங்குவது. மூடிய கலத்தில் உள்ள திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் குறையாமல் எல்லாப் பக்கமும் பரவும் என்று பிரெஞ்சு அறிஞர் பிளேஸ் பாஸ்கல் 17ஆம் நூற்றாண்டில் சொன்னார். அதைத் தொழிலுக்கு உதவும் இயந்திரமாக்கியவர் இங்கிலாந்தில் பூட்டு செய்து பெயர் பெற்ற ஜோசப் பிராமா. அவருடைய அழுத்த இயந்திரத்துக்கு 1795இல் காப்புரிமை கிடைத்தது. கணக்கு எளியது. பம்பின் தண்டு 1 செ.மீ. விட்டம், சுமையைத் தூக்கும் தண்டு 4 செ.மீ. விட்டம் என்று வைத்துக்கொண்டால் பரப்பளவில் 16 மடங்கு வித்தியாசம். கைப்பிடி நெம்புகோலாக இன்னொரு 15 மடங்கு சேர்க்கிறது. ஆக மொத்தம் 240 மடங்கு. 10 கிலோ அளவுக்குக் கையால் அழுத்தினால் 2,400 கிலோ எழ வேண்டும். உராய்வில் கொஞ்சம் போனாலும் 2 டன்னுக்குக் குறையாது. ஆனால் பம்பு ஒரு முறை 2 செ.மீ. இறங்கும்போது சுமை எழுவது 1.25 மி.மீ. மட்டுமே. சக்கரம் தரையை விட்டுக் கிளம்புவதற்குள் கை வலித்துவிடுவது இதனால்தான்.

எண்ணெய் தூக்குவதில் கெட்டி, தாங்குவதில் அவ்வளவு நம்பகமில்லை. ரப்பர் சீல் தேய்ந்தால் எண்ணெய் கசியும்; வால்வில் ஒரு தூசு சிக்கினால்கூடச் சுமை கண்ணுக்குத் தெரியாமல் தாழ்ந்துகொண்டே வரும். அதனால் ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது என்பது பட்டறையில் சேரும் பையனுக்குச் சொல்லப்படும் முதல் பாடம். ஜாக்கி போட்டுத் தூக்கியதும் இரும்பு ஸ்டாண்டு வைப்பார்கள். அது இல்லாத இடத்தில் கனமான மரக்கட்டையாவது வைப்பார்கள். சாலையோரத்தில் பஞ்சர் ஒட்டுபவர்கள் கழற்றிய சக்கரத்தையே வண்டியின் அடியில் தள்ளி வைப்பதைப் பார்க்கலாம். ஜாக்கி சரிந்தாலும் வண்டி சக்கரத்தின் மேல்தான் உட்காரும். ஒரு பொருள் தூக்கட்டும், இன்னொரு பொருள் தாங்கட்டும் என்ற இந்த ஏற்பாடுதான் பெரிய லிஃப்ட்களிலும் வேறு உருவத்தில் இருக்கிறது.

வண்டியை உயர்த்தாமல் ஆளைக் கீழே இறக்குவது இன்னொரு வழி. பஸ் டிப்போக்களில் இன்றும் இருக்கும் குழி அதுதான். பழுதாக அதில் ஒன்றுமில்லை, மின்சாரமும் வேண்டாம். ஆனால் பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் குழியின் அடியில் போய்த் தேங்கும். ஒரு தீப்பொறி போதும். மழைக்காலத்தில் தண்ணீர், மற்ற காலத்தில் சிந்திய எண்ணெய், கவனிக்காமல் விழுபவர்கள் என்று குழிக்கு உள்ள தொல்லைகள் பல.

காரை ஆள் உயரத்துக்குத் தூக்கும் லிஃப்ட் பிறந்தது அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் உள்ள மெம்ஃபிஸ் நகரில். அங்கே மெக்கானிக்காக இருந்த பீட்டர் லூனாட்டி, சலூன் நாற்காலி எண்ணெய் அழுத்தத்தில் ஏறி இறங்குவதைப் பார்த்து, அதே முறையில் காரையும் தூக்கலாம் என்று எண்ணியதாகச் சொல்வார்கள். 1925இல் அவர் உருவாக்கிய லிஃப்ட்டில் தரைக்கு அடியில் புதைத்த ஓர் உருளையிலிருந்து தடித்த எஃகுத் தண்டு ஒன்று எழும். அதன் உச்சியில் உள்ள சட்டம் காரைத் தாங்கும். ஒரே தண்டு என்பதால் தூக்கிய காரைச் சுற்றித் திருப்பவும் முடிந்தது. தமிழ்நாட்டில் வாட்டர் சர்வீஸ் செய்யும் இடங்களில் நெடுங்காலமாக இருந்துவரும் லிஃப்ட் இதே வம்சம்தான். அங்கே கம்ப்ரெசர் காற்று எண்ணெய்த் தொட்டிக்குள் புகுந்து எண்ணெயை அழுத்துகிறது. எண்ணெய் தண்டை மேலே தள்ளுகிறது. காற்றே நேரடியாகத் தூக்கினால் என்ன என்று கேட்கலாம். காற்று சுருங்கி விரியும் இயல்புடையது. கார் மேலே ஆடிக்கொண்டே நிற்கும். எண்ணெய் அப்படிச் சுருங்காது.

ஒற்றைத் தண்டு லிஃப்ட் அடியைக் கழுவவும் கிரீஸ் வைக்கவும் போதுமானது. பழுது பார்க்க அது இடைஞ்சல். கியர் பாக்ஸும் சைலன்சர் குழாயும் இருக்கும் நடுப்பகுதியைத்தான் தண்டும் சட்டமும் மறைத்துக்கொள்கின்றன. இந்த இடைஞ்சலைத் தீர்க்க வந்தது டூ போஸ்ட் லிஃப்ட். இன்றைக்கு நடுத்தர அளவுள்ள எந்த ஒர்க் ஷாப்பிலும் முதலில் கண்ணில் படுவது இதுதான்.

இரண்டு எஃகுத் தூண்கள். ஒவ்வொன்றிலும் ஏறி இறங்கும் ஒரு வண்டி. அந்த வண்டியிலிருந்து நீளும் இரண்டு கைகள். நான்கு கைகளின் முனையிலும் ரப்பர் வைத்த தாங்கிகள் இருக்கும். பொதுவாக மூன்றரை முதல் நான்கு டன் வரை தூக்கும். காரின் அடிப்பகுதி ஆள் தலைக்கு மேல் போகும். கார் இரண்டு தூண்களுக்கு நடுவே வந்து நின்றதும் மெக்கானிக் குனிந்து நான்கு தாங்கிகளையும் கதவுகளுக்குக் கீழே ஓடும் விளிம்பில் குறிப்பிட்ட இடங்களில் பொருத்துகிறார். காரைச் செய்தவர்களே தகட்டை வலுவாக்கி அடையாளம் வைத்த இடங்கள் அவை. கொஞ்சம் தள்ளி வைத்தால் தகடு நசுங்கும். நிறையத் தள்ளி வைத்தால் கார் சரியும். பட்டனை அழுத்தியதும் மோட்டார் எண்ணெயைத் தள்ளுகிறது, கார் ஓர் அடி எழுகிறது. அனுபவமுள்ள மெக்கானிக் அங்கேயே நிறுத்திவிட்டு பம்பரைப் பிடித்து ஒரு முறை ஆட்டிப் பார்ப்பார். ஆட்டம் இல்லை என்று தெரிந்த பிறகே மேலே ஏற்றுவார். ஏறும்போது தூணுக்குள்ளிருந்து டக், டக் என்று சீரான இடைவெளியில் சத்தம் வரும். படி படியாக வெட்டிய எஃகுப் பட்டையில் ஒரு நாக்கு விழுந்து விழுந்து எழும் சத்தம் அது. வேண்டிய உயரம் வந்ததும் மோட்டாரை நிறுத்தினால் மட்டும் போதாது. இறக்கும் நெம்பை லேசாக அழுத்தி, கார் அந்த நாக்கின் மேல் உட்காரும் வரை இறக்க வேண்டும். அதற்குப் பிறகு எண்ணெய்க் குழாய் வெடித்தாலும் கார் விழாது, எடை முழுவதும் இரும்பின் மேல் இருக்கிறது. அவசரத்தில் இந்தக் கடைசிப் படியை விட்டுவிடுபவர்கள் பஞ்சர் கடைக்காரர் வைக்கும் சக்கரத்தை வைக்காமலே அடியில் போகிறார்கள் என்று அர்த்தம்.

தூண்கள் இரண்டு என்பதால் இரண்டும் ஒரே வேகத்தில் ஏற வேண்டிய கட்டாயம் உண்டு. ஒரு பக்கம் முந்தினால் கார் சாயும். இரண்டு வண்டிகளையும் எஃகுக் கம்பிக் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாக இணைத்து, ஒன்று நகர்ந்தால் மற்றதும் அதே அளவு நகரும்படி செய்திருப்பார்கள். எண்ணெய்ப் பாதையில் ஒரு சிறிய வால்வு இருக்கும். குழாய் அறுந்து எண்ணெய் திடீரென வேகமாகப் பாய்ந்தால், அந்த வேகமே வால்வை மூடிவிடும். இத்தனையும் இருந்தும் தூண் நிற்கும் தரை சரியில்லை என்றால் பயனில்லை. ஆங்கர் போல்ட் பிடிக்கும் அளவுக்குக் கனமும் வலுவும் உள்ள கான்கிரீட் வேண்டும். பழைய ஷெட்டின் சிமென்ட் பூச்சுத் தரையில் அப்படியே லிஃப்ட்டை நட்டுவிடுவது இந்தத் தொழிலில் நடக்கும் பெரிய அசட்டுத் துணிச்சல்களில் ஒன்று.

எடை எங்கே குவிந்திருக்கிறது என்பதும் முக்கியம். இன்ஜின் முன்னால் இருப்பதால் பெரும்பாலான கார்கள் முன்பக்கம் கனமானவை. லிஃப்ட்டில் நிற்கும்போதே இன்ஜினைக் கழற்றி இறக்கிவிட்டால் அந்தக் கணமே பின்பக்கம் கனமாகிவிடும். அதற்கு முன்பே பின்பக்கத்துக்கு முட்டுக் கொடுத்திருக்க வேண்டும். மின்சாரக் கார்கள் வந்த பிறகு இந்தக் கணக்கு மாறியிருக்கிறது. பல நூறு கிலோ எடையுள்ள பேட்டரி காரின் அடியில் பாய் விரித்த மாதிரி கிடக்கிறது. தாங்கி தப்பிப் போய் அதில் அழுத்தினால் சேதம் பெரிது. அந்தப் பேட்டரியையே கழற்றி இறக்குவதற்கென்று தனி லிஃப்ட் மேசைகள் வந்துவிட்டன.

நான்கு தூண் லிஃப்ட்டில் சக்கரங்கள் தடத்தின் மேல் அப்படியே நிற்கும். வீல் அலைன்மென்ட் பார்க்க அதுதான் வசதி. டயர் கடைகளில் தரையோடு தரையாகப் படுத்திருந்து கத்தரி மாதிரி விரிந்து எழுபவை உண்டு. பஸ்களுக்கும் லாரிகளுக்கும் சக்கரம் வைத்த தனித்தனித் தூண்கள் வருகின்றன. நான்கோ ஆறோ தூண்களை ஒவ்வொரு சக்கரத்தின் கீழும் நகர்த்தி வைத்து, எல்லாவற்றையும் ஒரே பட்டனில் சேர்ந்து எழச் செய்வார்கள். ஐரோப்பாவில் இ.என். 1493 என்ற தரவிதி இந்த லிஃப்ட்களுக்கு உண்டு. அமெரிக்காவில் உற்பத்தியாளர்கள் சேர்ந்து 1945இல் தொடங்கிய ஆட்டோமோட்டிவ் லிஃப்ட் இன்ஸ்டிட்யூட் இவற்றைச் சோதித்துச் சான்று தருகிறது.

இடம் போதாத நகரங்கள்

ஒர்க் ஷாப் லிஃப்ட் காரைத் தாங்குவது சில மணி நேரம். பார்க்கிங் இயந்திரம் இரவு முழுவதும், சில சமயம் வாரக்கணக்கில் தாங்க வேண்டும். காரின் வாழ்நாளில் பெரும்பகுதி நிற்பதிலேயே கழிகிறது. நிற்பதற்கு ஒரு காருக்குச் சுமார் 2.5 மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும் வேண்டும், அதாவது 12.5 சதுர மீட்டர். ஆனால் வழக்கமான பல அடுக்கு வாகன நிறுத்தத்தில் சரிவுப் பாதை, திரும்பும் இடம், கதவு திறக்கும் இடைவெளி, படிக்கட்டு எல்லாம் சேர்த்தால் காருக்கு அதைப் போல் இரு மடங்குக்கு மேல் தேவைப்படும். கார் தானாக ஓடிப் போய் நிற்பதற்குப் பதில் இயந்திரம் அதை எடுத்துக்கொண்டு போய் வைத்தால், சரிவும் வேண்டாம், பாதையும் வேண்டாம், கதவு திறக்க இடமும் வேண்டாம். இயந்திரப் பார்க்கிங்கின் லாபமெல்லாம் இந்த மிச்சத்தில்தான் இருக்கிறது.

இந்த எண்ணம் காருக்குச் சற்றே இளையது. பாரிஸில் போந்தியூ தெருவில் ஒகுஸ்த் பெரே கட்டிய கான்கிரீட் கராஜில், 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலேயே, காரை மேல்தளத்துக்குக் கொண்டுபோக லிஃப்ட்டும், அங்கிருந்து அதன் இடத்துக்கு நகர்த்த ஓடும் பாலங்களும் இருந்தன. கான்கிரீட்டைக் கட்டடக் கலையாக்கியவர்களில் ஒருவர் என்று பின்னாளில் பெரே கொண்டாடப்பட்டார்; அந்தக் கராஜோ 1970இல் இடிக்கப்பட்டது. 1920களின் இறுதியில் நியூயார்க்கில் கென்ட் என்ற பெயரில் இருபதுக்கும் மேற்பட்ட மாடிகளோடு கராஜ்கள் எழுந்தன. லிஃப்ட் வந்து நின்றதும் சிறிய மின் வண்டி ஒன்று காரின் பின் அச்சைப் பற்றித் தள்ளிக்கொண்டு போகும். டிரைவர் உள்ளே வர வேண்டியதில்லை. அவற்றில் ஒன்று, 61ஆம் தெருவில் உள்ளது, இன்று மனிதர்கள் குடியிருக்கும் அடுக்கக வீடாகிவிட்டது. 1951இல் வாஷிங்டனில் திறந்த பார்க்-ஓ-மேட்டில் சரிவுப் பாதையே கிடையாது. இரண்டு லிஃப்ட்கள் 72 கார்களை ஏற்றி இறக்கின.

எல்லா முயற்சியும் கைகூடிவிடவில்லை. லண்டனின் வுல்விச் பகுதியில் 256 கார்களுக்கான ஆட்டோஸ்டாக்கர் என்ற தானியங்கி நிறுத்தத்தை 1961 மே மாதம் இளவரசி மார்கரெட் திறந்துவைத்தார். விழாவிலேயே இயந்திரம் மக்கர் செய்தது. பிறகு எவ்வளவோ சரிசெய்து பார்த்தும் ஓடவில்லை. பொதுமக்களின் பயன்பாட்டுக்கே வராமல், கட்டியதை இடித்துத் தள்ளினார்கள். காரைப் பிடித்து ஏற்றும் கன்வேயர்களும் லிஃப்ட்களும் அன்றைக்குப் புதியவை அல்ல. எந்தக் கார் எங்கே, எது முதலில் நகர வேண்டும், எங்கே ஒன்று சிக்கினால் மற்றவை என்ன செய்ய வேண்டும் என்று ஒருங்கிணைக்கும் கட்டுப்பாடுதான் அன்றைக்கு இல்லாத பொருள்.

அந்தக் கட்டுப்பாட்டைப் பெருமளவில் கற்றுக்கொண்ட நாடு ஜப்பான். கற்றாக வேண்டிய நெருக்கடியை அங்கே சட்டமே உண்டாக்கியது. காரை நிறுத்தச் சாலைக்கு வெளியே சொந்தமாகவோ வாடகைக்கோ இடம் இருக்கிறது என்று காவல் நிலையத்தில் சான்று வாங்கிய பிறகே கார் பதிவு செய்ய முடியும் என்பது 1962ஆம் ஆண்டுச் சட்டம். அந்த இடம் வீட்டிலிருந்து 2 கி.மீ. தூரத்துக்குள் இருக்க வேண்டும். தெருவில் நிறுத்திவிட்டு வந்துவிடலாம் என்ற வழி அடைபட்டதும், டோக்கியோவிலும் ஒசாகாவிலும் குட்டி மனைகளில்கூட இரும்புக் கோபுரங்கள் முளைத்தன. அந்தக் கோபுரங்களில் பலவற்றின் அறை உயரம் 1.55 மீட்டர் உயரக் காருக்கானது. இதன் விளைவு விசித்திரமானது: ஜப்பானில் விற்கும் எத்தனையோ கார்களின் உயரம் 1.55 மீட்டரைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளப்படுகிறது. காருக்காகக் கட்டிய இயந்திரம் காரின் வடிவத்தையே தீர்மானிக்கிறது.

அடுக்கும் வழிகள்

எளிமையானது ஸ்டாக் பார்க்கிங். ஒரு மேடை, அதைத் தூக்க இரண்டோ நான்கோ தூண்கள். ஒரு கார் மேலே ஏற, அடியில் இன்னொரு கார் நிற்கும். சென்னையில் அடுக்ககங்களின் அடியில் தூண்கள் மட்டும் நிற்கும் ஸ்டில்ட் தளத்தில் இரண்டு கார் வைத்திருக்கும் குடும்பங்கள் இதைப் பொருத்திக்கொள்கின்றன. மேலே உள்ள காரை எடுக்க வேண்டுமென்றால் கீழே உள்ளதை முதலில் நகர்த்தியாக வேண்டும். ஆகவே ஒரே வீட்டுக் கார்கள் என்றால் சரி. இரண்டு வீட்டுக்குப் பங்கு போட்டால் காலை எட்டு மணிக்குச் சண்டை நிச்சயம். இன்னொரு தடை கூரை. இரண்டு கார்களின் உயரம், நடுவில் மேடையின் கனம், கொஞ்சம் இடைவெளி எல்லாம் சேர்த்து மூன்றரை மீட்டர் அளவுக்காவது வேண்டும். சாதாரண ஸ்டில்ட்டுக்கு அந்த உயரம் இருப்பதில்லை. தரையைத் தோண்டிக் கீழ்க் காரைக் குழிக்குள் இறக்கும் வகையில் இரண்டு கார்களும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் வெளியே வரும். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் குழிக்குள் தண்ணீர் நிற்கும் ஊரில் அதற்கு மோட்டார் பம்பும், தண்ணீர் ஏறும் முன் மேடையை உயர்த்திவிடும் விழிப்பும் கூடவே வேண்டும். ஜப்பானில் புயல் எச்சரிக்கை வந்தால் குழியுள்ள நிறுத்தங்களில் மேடைகளை மேலே உயர்த்தி வைக்கச் சொல்வது வழக்கம்.

பசில் பார்க்கிங் அடுத்த படி. கட்டம் கட்டமான இரும்புச் சட்டத்தில், மேல் வரிசையைத் தவிர மற்ற வரிசைகளில் ஒரு கட்டம் காலியாக விடப்படும். மேலே உள்ள ஒரு கார் வேண்டுமென்றால், அதற்கு நேர் கீழே உள்ள மேடைகள் பக்கவாட்டில் நகர்ந்து காலியிடத்தைத் தேவையான பத்திக்குக் கொண்டுவரும். பிறகு மேலுள்ள மேடை சங்கிலியில் தொங்கியபடி அந்த வழியாக இறங்கும். ஐந்து பத்தி, நான்கு அடுக்கு என்றால் மூன்று கீழ் அடுக்குகளில் நான்கு நான்காகப் பன்னிரண்டு, உச்சியில் ஐந்து, மொத்தம் 17 கார்கள். தரையில் நிறுத்தினால் ஐந்துதான். ஒவ்வொரு காரும் தனித்தனியாக வெளியே வரலாம் என்பதாலும், விலை அவ்வளவு ஏறாததாலும், இந்தியாவில் அலுவலகங்களும் அடுக்ககங்களும் பெரும்பாலும் இதையே நாடுகின்றன. மேலே நிற்கும் மேடை சங்கிலியை மட்டும் நம்பித் தொங்குவதில்லை. ஒவ்வொரு மேடையும் மேலே போய்ச் சேர்ந்ததும் நான்கு பக்கமும் கொக்கிகள் வந்து பிடித்துக்கொள்ளும். கொக்கி விலகியது என்று சென்சார் சொன்னால்தான் மோட்டார் இறக்கவே தொடங்கும்.

ரோட்டரி பார்க்கிங்கைப் பார்த்தவுடன் திருவிழா ராட்டினம்தான் நினைவுக்கு வரும். தொட்டில்களில் கார்கள் உட்கார்ந்திருக்க, பெரிய சங்கிலி அவற்றைச் செங்குத்தாகச் சுற்றிக் கொண்டுவருகிறது. இரண்டு கார் நிற்கும் இடத்தில் பன்னிரண்டு, பதினாறு கார்கள் வரை நிற்கும். எதிரெதிர்ப் பக்கக் கார்கள் ஒன்றுக்கொன்று எடை ஈடு கட்டுவதால் மோட்டாருக்குச் சுமை குறைவு. எல்லாக் கார்களும் ஒரே பக்கம் சேர்ந்துவிடும் வேளைதான் சோதனை. மோட்டாரையும் பிரேக்கையும் அந்த மோசமான நிலையை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். 1930களின் தொடக்கத்திலேயே சிகாகோவில் இத்தகைய கோபுரம் ஓடியது.

உயரம் அதிகமான இடங்களுக்கு டவர் பார்க்கிங். நடுவில் ஒரு லிஃப்ட், இருபுறமும் அடுக்கடுக்காக அறைகள். ஆட்கள் ஏறும் லிஃப்ட்டைப் போலவே கம்பிக் கயிறும் எதிர் எடையும் கொண்டது. டெல்லி கிரீன் பார்க்கில் 2020இல் திறந்த கோபுரங்களில் 17 அடுக்குகள். கோபுரத்துக்கு 34 வீதம் நான்கு கோபுரங்களில் 136 கார்கள். மும்பை புலாபாய் தேசாய் சாலையில் 2021இல் திறந்த 21 மாடி நிறுத்தத்தில் 240 கார்கள். இந்தியாவில் இதற்கு முன்னோடி கொல்கத்தா. ராடன் தெருவில் 2000களின் தொடக்கத்திலேயே தானியங்கி நிறுத்தம் வந்துவிட்டது. ஜெர்மனியின் வோல்ஃப்ஸ்பர்க் நகரில் ஃபோக்ஸ்வாகன் எழுப்பியுள்ள இரண்டு கண்ணாடிக் கோபுரங்கள் நிறுத்துமிடம் என்பதைவிடக் காட்சிக்கூடம் என்றே சொல்லலாம். ஒவ்வொன்றிலும் 20 அடுக்கு, 400 புதுக் கார்கள். ஆலையிலிருந்து சுரங்கப்பாதை வழியே வந்து சேரும் கார் ஒரு கிலோமீட்டர்கூட ஓடாமல் வாங்கியவரின் கைக்குப் போகிறது.

இன்னும் பெரிய நிறுத்தங்களில் ஏற்றுவதற்கு ஒரு லிஃப்ட், ஒவ்வொரு தளத்திலும் காரை நகர்த்தத் தண்டவாளத்தில் ஓடும் வண்டி என்று வேலை பிரிக்கப்படுகிறது. டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் டொக்-1 நூலகக் கட்டடத்தின் அடியில் இப்படி ஏறக்குறைய ஆயிரம் கார்கள் நிற்கின்றன. பழைய முறையில் ஒவ்வொரு காருக்கும் ஒரு தட்டு உண்டு. காரை எடுத்த பின் காலித் தட்டையும் ஒரு சுற்று நகர்த்தியாக வேண்டும். புதிய முறையில் தாழ்வான வண்டி காரின் அடியில் புகுந்து, நான்கு சக்கரங்களையும் இருபுறமும் கவ்வி, ஓரிரு அங்குலம் தூக்கி எடுத்துப் போகிறது. தட்டு இல்லாததால் நேரம் மிச்சம். பிரான்ஸின் லியோன் விமான நிலையத்தில் 2019இல் இதே வேலையைத் திறந்த வெளியில் ரோபோக்கள் செய்யத் தொடங்கின.

காத்திருக்கும் நேரம்

எத்தனை கார் நிற்கும் என்பது விளம்பரப் பலகையில் பெரிதாக இருக்கும். எத்தனை நிமிடத்தில் வெளியே வரும் என்பதை யாரும் எழுதுவதில்லை. ஒரே லிஃப்ட் உள்ள கோபுரத்தில் 40 கார்கள் நிற்கின்றன, ஒன்றை இறக்க இரண்டு நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். சினிமா முடிந்து எல்லோரும் ஒன்றாக வந்தால் கடைசி ஆளுக்கு 80 நிமிடம் ஆகும். சரிவுப் பாதை உள்ள நிறுத்தத்தில் எத்தனை கார் வேண்டுமானாலும் ஒன்றன்பின் ஒன்றாக வெளியேறலாம். இயந்திரத்தில் வாசல் ஒன்றுதான். அலுவலகம், திரையரங்கு, கல்யாண மண்டபம் மாதிரி எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்பும் இடங்களுக்கு இதனால் கூடுதல் லிஃப்ட்கள் தேவைப்படுகின்றன. ஆளுக்கொரு நேரத்தில் போய்வரும் மருத்துவமனைக்கும், இரவில் கார் அசையாத குடியிருப்புக்கும் குறைவே போதும். சென்னை தியாகராய நகரிலும் கோவை ஆர்.எஸ். புரத்திலும் மாநகராட்சிகள் கட்டியிருப்பவை போன்ற பொது நிறுத்தங்களுக்குப் போட்டி இன்னொரு இயந்திரம் அல்ல, எதிரே உள்ள தெரு ஓரம். ஐந்து நிமிட வேலையாக வருபவர் காருக்காக மூன்று நிமிடம் காத்திருக்க விரும்ப மாட்டார். தெருவில் நிறுத்தக் கட்டணமும் கண்டிப்பும் இல்லாத இடத்தில் மேலே அறைகள் காலியாகவே கிடக்கும்.

காரே உள்ளே போகாது என்றால் இயந்திரம் எதற்கு என்ற கேள்வியும் உண்டு. செடான் காரை மனத்தில் வைத்துச் செய்த மேடைகளில் 1.8 மீட்டர் உயர இன்னோவா நுழையாது; 2 டன்னுக்கு மேல் போகும் ஃபார்ச்சூனரை ஏற்றவும் கூடாது. இந்தியாவில் எஸ்.யூ.வி. மோகம் ஏறிக்கொண்டே போக, அடுக்ககம் கட்டும்போது வைத்த இயந்திரம் பத்து வருடத்தில் பாதிக் குடியிருப்பாளர்களுக்கு உதவாமல் போவது நடக்கிறது. மின்சாரக் கார்கள் எடையைக் கூட்டுவதோடு, நிற்கும் இடத்திலேயே சார்ஜ் ஏற்றவும் கேட்கின்றன. நகரும் மேடைக்கு மின்சாரம் கொண்டுபோவதும், நெருக்கமாக நிற்கும் கார்களில் ஒன்று தீப்பிடித்தால் அணைப்பதும் தனிச் சிக்கல்கள். 2017 டிசம்பர் 31 அன்று இங்கிலாந்தின் லிவர்பூலில், தானாக நீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் இல்லாத சாதாரணப் பல அடுக்கு நிறுத்தத்தில் ஒரு காரில் பற்றிய தீ ஆயிரத்துக்கும் மேற்பட்ட கார்களைச் சாம்பலாக்கியது. மனிதர் எட்ட முடியாத கோபுர அறைகளில் ஸ்பிரிங்க்ளர் இல்லாமல் இருக்கவே கூடாது.

காரைவிட மனிதரைக் காப்பது கடினம். ஓட்டி வந்தவர் இறங்கிவிட்டார், பின் இருக்கையில் தூங்கும் குழந்தை எதுவும் இல்லை, கதவு மூடியது, சக்கரம் கோட்டைத் தாண்டவில்லை என்று இத்தனையும் உறுதியான பிறகே இயந்திரம் அசைய வேண்டும். ஒளிக்கதிர் சென்சார்களும் எடை பார்க்கும் தட்டுகளும் கேமராவும் இதற்கே. ஐரோப்பியத் தரவிதி இ.என். 14010 முழுவதும் இந்தப் பாதுகாப்பைப் பற்றியது. கரண்ட் போனால் பிரேக் தானாகப் பிடிக்கும்படிதான் மோட்டார்கள் செய்யப்படுகின்றன. பிரேக்கைத் திறக்கத்தான் மின்சாரம், பிடிக்க ஸ்பிரிங். கார் விழாது, ஆனால் ஜெனரேட்டர் இல்லை என்றால் இறங்கவும் இறங்காது. மென்பொருளாலும் அதே நிலை வரலாம். அமெரிக்காவின் ஹோபோகன் நகரில், 2006இல் தானியங்கி நிறுத்தத்தை இயக்கிய நிறுவனத்துக்கும் நகராட்சிக்கும் மென்பொருள் உரிமத்தில் தகராறு முற்ற, நூற்றுக்கணக்கான கார்கள் சில நாள் உள்ளேயே சிக்கிக்கொண்டன.

வாங்கும் விலையோடு செலவு முடிவதில்லை. சங்கிலி நாளாக ஆக நீளும். நீண்டால் மேடை ஒரு பக்கம் தாழும். மேடையைச் சரியான இடத்தில் நிறுத்தும் லிமிட் சுவிட்ச்சில் தூசு படியும். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று கம்பிக் கயிற்றை உள்ளிருந்தே அரிக்கும். துத்தநாகம் பூசிய மேடைகள்கூட ஓரங்களில் துருப்பிடிக்கத் தொடங்கும். மாதத்துக்கு ஒரு முறையாவது ஆள் வந்து சங்கிலியின் தொய்வையும் கொக்கியின் அசைவையும் பிரேக்கையும் பார்க்க வேண்டும். ஜப்பானில் அடுக்ககங்கள் பலவற்றில் இளையவர்கள் கார் வாங்குவது குறைந்து, இருக்கும் மேடைகளில் பாதி காலியாகிவிட்டன. பராமரிப்புக் கட்டணமோ குறையவில்லை. குடியிருப்போர் சங்கங்கள் கூடிப் பேசி, இயந்திரத்தைக் கழற்றி இரும்பு விலைக்குப் போட்டுவிட்டு, குழியைத் தகட்டால் மூடிக் கார்களைப் பழையபடி தரையிலேயே நிறுத்துகின்றன. இந்த வேலையை மட்டுமே எடுத்துச் செய்யும் ஒப்பந்தக்காரர்களும் அங்கே உருவாகியிருக்கிறார்கள்.